பெயர்ப்பலகை பேசும் மொழி

ஓர் ஊருக்குப் புதியவனாக வரும் ஒருவனை முதலில் எதிர்கொள்பவர் அவ்வூர் மக்கள் அல்லர், அவ்வூரின் பெயர்ப்பலகைகளே. எல்லையில் நிற்கும் பலகை ஊரின் பெயரைச் சொல்கிறது. நிலையத்தில் தொங்கும் பலகை வழியைச் சொல்கிறது. கடைவீதியின் பலகை பண்டத்தைச் சொல்கிறது. அலுவலகத்தின் பலகை அதிகாரத்தைச் சொல்கிறது. இவை யாவும் வாய் திறவாமலே பேசுகின்றன.

பலகை கூறும் செய்திகள் இரண்டு. 'இது மருத்துவமனை', 'இது நூலகம்' என்று எழுத்தால் கூறுவது ஒன்று. அதனை எந்த மொழியில் எழுதியிருக்கிறார்களோ, அம்மொழியால் கூறுவது மற்றொன்று. இரண்டாவது செய்தி எழுதப்படாத செய்தி. ஆயினும் முதற்செய்தியினும் ஆழமாக உள்ளத்திற் பதியும் செய்தி. 'இந்த இடம் உனக்கும் உரியது. நீ தயக்கமின்றி உள்ளே வரலாம்' என்று ஒரு பலகை சொல்லும். 'இது உனக்குரிய இடம் அன்று. அறிந்தவர் எவரையேனும் கேட்டுக்கொண்டு வா' என்று மற்றொரு பலகை சொல்லும். தன் மொழியைத் தன் ஊரின் வீதியிலே காணாத மனிதன், சொந்த வீட்டில் விருந்தினனைப் போல நிற்கின்றான்.

வீட்டிலே பேசப்படுதல் வேறு. வீதியிலே எழுதப்படுதல் வேறு. தாய் தன் குழந்தையைக் கொஞ்சும் மொழியை எவராலும் தடுத்தல் இயலாது. ஆனால் மன்றத்திலும் சந்தையிலும் சாலையிலும் ஒரு மொழி எழுதப்பட வேண்டுமாயின், அம்மொழிக்குச் சமுதாயம் ஓர் இருக்கை தரவேண்டும். அவ்விருக்கைதான் பெயர்ப்பலகை. ஆதலால், 'ஒரு மரப்பலகையில் என்ன இருக்கிறது?' என்று கேட்பது பொருந்தாது. மக்கள் அதன்பொருட்டுச் சிறை சென்றிருக்கின்றனர், உடைமை இழந்திருக்கின்றனர்.

பொது இடத்தில் எந்த மொழியை எழுதுவது என்னும் வினா இன்று பிறந்ததன்று. கல்லும் செம்பும் பலகையாக இருந்த காலத்திலேயே நம் முன்னோர் இவ்வினாவுக்கு விடை கண்டனர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அந்தக் கொடையைக் கூறும் செப்பேட்டில் 21 ஏடுகள் உள்ளன. அவற்றுள் 5 ஏடுகள் வடமொழியில் அமைந்தவை. 16 ஏடுகள் தமிழில் அமைந்தவை. அரச குலத்தின் வழிமுறையையும் புகழையும் வடமொழிப் பகுதி பாடுகிறது. ஊர் எது, அதன் நான்கு எல்லைகள் எவை, நீங்கிய வரிகள் எவை என்பவற்றைத் தமிழ்ப் பகுதி கூறுகிறது. இதன் காரணம் தெளிவானது. எல்லையை நடந்து அளந்தவர்களும், அந்நிலத்தை உழுதவர்களும், நாளை வழக்கு நேர்ந்தால் சான்று கூற வேண்டியவர்களும் தமிழ் மக்கள். புகழ் எந்த மொழியிலும் இருக்கலாம். ஆனால் மக்கள் வாழ்வைத் தொடும் செய்தி மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும் என்னும் நெறியை அச்செப்பேடு நமக்கு உணர்த்துகின்றது.

இலங்கையின் காலி நகரத்தில் 1911ஆம் ஆண்டில் கிடைத்த கல் ஒன்று இதனினும் வியப்பானது. சீனப் பேரரசர் அனுப்பிய கடற்படைத் தலைவர் செங் ஹே என்பார் நிறுவச் செய்த கல் அது. 1409ஆம் ஆண்டுக் காலக் குறிப்பினை உடையது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தர் பெருமானுக்குச் செய்த காணிக்கையைக் கூறுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்று வழங்கப்பட்ட திருமாலுக்குச் செய்த காணிக்கையைக் கூறுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமியர் வழிபாட்டிற்கு உரிய காணிக்கையைக் கூறுகிறது. மூன்றிலும் சொல்லப்படும் பொருள்கள் ஏறத்தாழ ஒன்றே. சீன நாட்டிலே செதுக்கப்பட்டு, கடல் கடந்து வந்த ஒரு கல்லில் தமிழுக்கு இடம் கிடைத்தது எவ்வாறு? இந்தியப் பெருங்கடலின் வாணிகத்தில் தமிழ் வணிகர் கொண்டிருந்த பங்கே அதற்குக் காரணம். பேரரசன் ஒருவன் பிறர் நாட்டில் தன் பெயரை எழுதும்போது தன் மொழியை மட்டும் எழுதவில்லை. படிப்பவர் மொழிகளையும் சேர்த்து எழுதினான். மும்மொழி பேசிய அந்தக் கல், பிற்காலத்தில் ஒரு சிறு வடிகாற் பாலத்தின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது, அங்கிருந்துதான் மீட்கப்பட்டது. மொழிகளின் நிலையும் சில காலங்களில் அவ்வாறே ஆகிவிடுகின்றது.

ஐரோப்பியர் ஆட்சியில் நம் ஊர்ப் பெயர்கள் கவிழ்ந்து கிடந்தன. தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆயிற்று. தரங்கம்பாடி 'டிரான்குபார்' ஆயிற்று. தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று. அயலார் நாவுக்கு எளிதாக அமைந்த உருவமே அலுவலகத்து உருவமாக நிலைபெற்றது. ஓர் ஊரின் பெயரில் அவ்வூர்க் குளமும் குன்றும் குலமும் தொழிலும் அடங்கியிருக்கும். பெயர் சிதைந்தால் அவ்வூரின் வரலாற்றில் ஓர் ஏடு கிழிந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற பின்னும் இப்பூசல் ஓயவில்லை. 1952ஆம் ஆண்டில் தமிழகத்துப் புகைவண்டி நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துக்களைத் தார் பூசி அழிக்கும் கிளர்ச்சியைப் பெரியார் தொடங்கினார். 1953ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கல்லக்குடியில் மற்றொரு கிளர்ச்சி நடந்தது. அங்கே சிமெண்டு ஆலை நிறுவிய வடநாட்டுத் தொழிலதிபரின் பெயரால் அவ்வூரின் நிலையம் 'டால்மியாபுரம்' என்று வழங்கியது. பழம்பெயரையே பலகையில் எழுதவேண்டும் என்று கேட்டு, மு. கருணாநிதி முதலானோர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துச் சிறை சென்றனர். பின்னாளில் அந்நிலையத்தின் பெயர் மாற்றப்பட்டது. கல்லக்குடி என்னும் சொல் பலகையில் ஏறியது. இக்கிளர்ச்சிகளின் முறையைப் பற்றி அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கலாம். ஆயினும் அவர்கள் பலகையைப் பெரிதாக எண்ணியதன் காரணத்தை நாம் உணர்தல் வேண்டும். நிலையப் பலகையில் தாம் கண்டது வெறும் எழுத்தை அன்று, தம் மண்ணில் தம் மொழிக்கு உரிய இடம் எது என்னும் வினாவையே என அவர்கள் கருதினர்.

அண்டை நாடாகிய இலங்கையில் நிகழ்ந்தது நெஞ்சை உருக்கும் செய்தி. 1956ஆம் ஆண்டில் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் அங்கே நிறைவேறியது. அதனை அடுத்து, ஊர்திகளின் எண்பலகையில் 'ஸ்ரீ' என்னும் எழுத்தைச் சிங்கள வடிவில் எழுதவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஓரெழுத்துத்தான். ஆனால் தமிழர் வாழும் பகுதிகளுக்கு அவ்வெழுத்தோடு பேருந்துகள் வந்தபோது, அங்கிருந்த மக்கள் அதனைத் தார் பூசி அழித்தனர். அதற்கு மாறாகத் தெற்கே தமிழ்ப் பலகைகள்மீது தார் பூசப்பட்டது. பலகையில் தொடங்கிய பகை, 1958ஆம் ஆண்டின் பெருங்கலவரத்திற்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்றாயிற்று. தமிழும் ஆட்சிமொழி ஆகும் என்று 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கூறியது. அதற்குள் அந்நாடு உள்நாட்டுப் போரில் மூழ்கியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பலகையில் இரண்டு மொழிகளுக்கு இடம் தந்திருந்தால், எத்தனையோ பூசல்களின் வேர் அப்போதே அறுந்திருக்கும் அன்றோ?

மேலைநாட்டிலும் இவ்வுணர்ச்சி குறைந்ததன்று. பிரித்தன் தீவில் ஆங்கிலத்தின் நிழலில் வாழ்ந்து வருவது வேல்சு மொழி. தென்மேற்கு வேல்சின் ஒரு சிற்றூரில் எயிலீன் பீசிலி என்னும் அம்மையாரும் அவர் கணவரும் வாழ்ந்தனர். வீட்டுவரி கேட்டு வரும் ஓலை வேல்சு மொழியில் வந்தால்தான் வரி கட்டுவோம் என்று 1952ஆம் ஆண்டில் அவர்கள் உறுதி பூண்டனர். அவ்வட்டாரத்தில் பெரும்பாலோர் பேசியது வேல்சு மொழியே. ஆயினும் ஓலை ஆங்கிலத்திலேயே வந்தது. பன்முறை வழக்கு நடந்தது. அமீனாக்கள் வீட்டுப் பொருள்களை ஏற்றிச் சென்றனர். எட்டாண்டுகள் பொறுத்தபின், 1960ஆம் ஆண்டில் இருமொழியிலும் எழுதிய ஓலை அவர் இல்லம் வந்து சேர்ந்தது. அவர் காட்டிய வழியில் பின்னர் இளைஞர் கூட்டம் கிளர்ந்தது. ஆங்கிலம் மட்டும் எழுதிய சாலைப் பலகைகளில் வண்ணம் பூசியது. பலர் சிறை சென்றனர். 1972ஆம் ஆண்டில் அரசு அமைத்த குழு இருமொழிப் பலகைகளைப் பரிந்துரைத்தது. இன்று அந்நாட்டுச் சாலைகளில் 'மெதுவாகச் செல்க' என்பது இரு மொழியிலும் தரையில் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலம் ஒழிந்துவிடவில்லை, வேல்சு மொழி வாழ்கின்றது.

கனடா நாட்டின் கியூபெக் மாநிலம் தரும் பாடம் சற்று வேறானது. அங்கே பெரும்பான்மையோர் பிரெஞ்சு மொழியினர். ஆயினும் வாணிகம் ஆங்கிலத்தாரின் கையில் இருந்தமையால் மாண்ட்ரியல் நகர வீதிகளில் ஆங்கிலமே ஓங்கி நின்றது. 1977ஆம் ஆண்டில் வாணிகப் பலகைகள் பிரெஞ்சு மொழியில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்று மாநிலம் சட்டம் செய்தது. வழக்கு எழுந்தது. 1988ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. பிரெஞ்சு மொழி மேலோங்கித் தெரியவேண்டும் என்று விதிப்பது நியாயமாகலாம். பிறமொழிகளை முற்றும் தடுத்தல் பேச்சுரிமைக்கு மாறானது என்பது அதன் சாரம். மாநிலம் உடனே இணங்கவில்லை. 1993ஆம் ஆண்டில்தான் பிறமொழிகளும் இடம்பெறலாம், பிரெஞ்சு தெளிவாக மேம்பட்டு நிற்கவேண்டும் என்று சட்டம் திருந்தியது. முதலிடம் கேட்பது வேறு, தனியிடம் கேட்பது வேறு. தன் மண்ணில் முதலிடம் கேட்பது ஒரு மொழியின் உரிமை. பிற எவருக்கும் இடமில்லை என்பது பிறர் உரிமையைப் பறித்தல்.

இனி நம் நாட்டை நோக்குவோம். தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் பற்றிய விதி, பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்றும், பிறமொழிகளைச் சேர்த்தால் அவை தமிழுக்குக் கீழே அமைதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. இது கியூபெக் நெடுவழி நடந்து கண்ட முடிவை ஒத்த நல்ல விதியே. ஆனால் விதி ஏட்டில் இருக்கின்றது. வீதி வேறாக இருக்கின்றது. பெரு நகரங்களின் கடைவீதியில் நடந்து பாருங்கள். பல பலகைகளில் தமிழ் அறவே இல்லை. சிலவற்றில், கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய அளவில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கின்றது. வேறு சிலவற்றிலோ தமிழ் எழுத்து இருக்கின்றது. தமிழ்ச் சொல் இல்லை.

எழுத்து மட்டும் தமிழாக இருந்தால் போதாது என்பதை ஒரு நிகழ்ச்சி எனக்கு விளக்கிற்று. பெரிய மருத்துவமனை ஒன்றில் சிற்றூரிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எழுத்தறியாதவர் அல்லர். முதியோர் பள்ளியில் கற்றவர். தலைக்கு மேலிருந்த பலகையை எழுத்துக் கூட்டி, 'நெப்ராலஜி' என்று பிழையின்றிப் படித்தார். படித்துவிட்டு, "ஐயா, சிறுநீரகத்துக்கு மருந்து கொடுக்கும் இடம் எங்கே இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். "அம்மா, இதுதான் அந்த இடம்" என்றேன். "அப்படியானால் அப்படியே எழுதியிருக்கலாமே, ஐயா!" என்றார். 'சிறுநீரக மருத்துவம்' என்று எழுதுவதற்கு மிகுதியாகச் செலவாகும் வண்ணம் எவ்வளவு? அந்த மூதாட்டியின் சொல்லுக்கு நான் கற்ற இலக்கணம் எதுவும் மறுமொழி கூறவில்லை. பலகை அறிந்தவருக்காக அன்று, அறியவேண்டியவருக்காகவே நிற்கின்றது.

'தமிழ்ச் சொல்லை எழுதினால் எவருக்கும் விளங்காது' என்பார் சிலர். இது உண்மையா என்று ஆராய்வோம். 'பேருந்து நிலையம்' என்னும் தொடரை இன்று அறியாதார் யார்? 'காவல் நிலையம்', 'நூலகம்', 'வங்கி', 'பேரூராட்சி' ஆகிய சொற்களை நமக்குக் கற்பித்தது எது? பாடநூல் கற்பித்தது சிறிது. பலகை கற்பித்தது பெரிது. நாள்தோறும் கண்ணிற் படும் சொல் ஆண்டு கழிவதற்குள் நாவிலும் ஏறிவிடுகின்றது. எல்லாச் சொற்களும் அவ்வாறு வென்றுவிடுவதில்லை என்பதும் மெய்யே. பலகையில் 'நியாயவிலைக் கடை' என்றிருக்க, மக்கள் 'ரேஷன் கடை' என்றே வழங்குகின்றனர். அதனால் தீங்கொன்றும் இல்லை. பேச்சு தன் போக்கில் செல்லும். பலகை நல்ல சொல்லைக் காத்து நிற்கும். மற்றொன்றும் சொல்லவேண்டும். புலவர் மட்டுமே அறியும் அருஞ்சொல்லைப் பலகையில் ஏற்றுவதும் பிழையே. ஆங்கிலத்தால் விளங்காமற் போனாலும், அருந்தமிழால் விளங்காமற் போனாலும் வழி தெரியாமல் நிற்பவன் அதே ஏழைதான்.

வாணிகர் கூறும் காரணம் ஒன்றுண்டு. 'ஆங்கிலப் பெயர் இருந்தால்தான் மதிப்பு. தமிழ்ப் பெயரைக் கண்டால் செல்வர் உள்ளே வாரார்' என்பர். இதில் பழி வாணிகர்க்கு மட்டும் உரியதன்று. வாங்குவோர் உள்ளத்தில் எது உயர்வாக இருக்கிறதோ, அதனையே விற்போர் பலகையில் எழுதுகின்றனர். பலகை நம் முகம் காட்டும் கண்ணாடி. முகத்தில் உள்ள கறையைக் கண்ணாடியைத் துடைத்து நீக்கல் இயலுமோ? சட்டம் பலகையை மாற்றலாம். மனத்தை மாற்றுவது கல்வியே. வெளிநாட்டார் வருவர் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்படும். அவர்களுக்காக ஆங்கிலத்தையும் எழுதுவோம், தடையில்லை. ஆனால் எப்போதோ வரும் விருந்தினருக்காக எப்போதும் இருக்கும் வீட்டாரை மறத்தல் விருந்தோம்பல் ஆகாது.

தமிழை எழுதினால் மட்டும் கடமை முடிந்ததா? பிழையின்றி எழுதவேண்டும். 'தையற் பயிர்ச்சி நிலையம்' என்று ஒரு பலகை. பயிர் விளைவது வயலில்; பயிற்சி பெறுவதுதான் நிலையத்தில். 'முயற்ச்சி' என்று மற்றொரு பலகை. 'ற்' என்னும் வல்லின மெய்யை அடுத்து மற்றொரு மெய் வாராது என்பது மாணவர் அறிந்த விதி. ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்துத் தவறினால் நாணும் நாம், தமிழில் நான்கு தவறினாலும் நகைத்து நீங்குகின்றோம். இலங்கையில் மும்மொழிப் பலகைகள் நிறுவப்பட்ட பின்னும், அவற்றில் உள்ள தமிழ் பிழை மலிந்திருப்பதைத் தமிழர் பல்காலும் சுட்டி வருந்துகின்றனர். பிழையோடு எழுதிய பலகை, 'உன் மொழியை எழுதினோம். ஆனால் அறிந்து எழுதவில்லை' என்று சொல்வதாகும். பிறர் அவ்வாறு எழுதினால் அது புறக்கணிப்பு. நாமே அவ்வாறு எழுதினால் அதற்கு என்ன பெயர் இடுவது?

இறுதியாக ஒரு கடமை. தமிழ்நாட்டில் தமிழர் மட்டும் வாழவில்லை. ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில் மலையாளம் பேசுவோர் உளர். மதுரையில் சௌராட்டிர மொழியினர் பல தலைமுறையாக வாழ்கின்றனர். பிற மாநிலங்களில் தமிழ்ப் பலகை அழிக்கப்பட்டது என்று கேட்டால் நம் உள்ளம் கொதிக்கின்றது. அதே கொதிப்பு அவர்கள் உள்ளத்திலும் எழும் என்பதை நாம் மறத்தலாகாது. நமக்கு ஒரு நியாயம், அண்டைவீட்டார்க்கு ஒரு நியாயம் என்பது நியாயமே ஆகாது. நம் நாட்டுப் பணத்தாளைத் திருப்பிப் பாருங்கள். அதன் பின்புறத்தில் 15 மொழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து, ஒரே மதிப்பைக் கூறுகின்றன. மொழிக்கு மொழி அதன் மதிப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

மாணவர்களே! நாளை நீங்கள் கடை வைப்பீர்கள், அலுவலகத்தில் அமர்வீர்கள், ஊராட்சியை நடத்துவீர்கள், மருத்துவராகவும் பொறியாளராகவும் விளங்குவீர்கள். பலகை எழுதும் பொறுப்பு அப்போது உங்கள் கைக்கு வரும். அன்று மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதனைப் படிக்கவேண்டிய ஏழைக்கு இது விளங்குமா? இம்மண்ணின் மொழி உரிய இடத்தில், பிழையின்றி, கண்ணுக்குத் தெரியுமாறு நிற்கின்றதா? உடன் வாழ்பவர் எவரேனும் இதனைக் கண்டு, 'எனக்கு இங்கே இடமில்லை' என்று வருந்துவாரா? மூன்றுக்கும் நேர்மையாக விடை கூறவல்ல பலகையை நிறுத்துங்கள். அத்தகைய பலகையின்மேல் தார் பூச எவருக்கும் காரணம் இராது.